கறுப்புக் காய் வந்தால் என்ன ஆடுவது?



போன மாதச் சுவர் இதழில் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன் ஒருவர், "நம் பள்ளி செஸ் அணியில் எல்லோரும் இனி சிசிலியன் தற்காப்பைத்தான் ஆட வேண்டும்" என்று எழுதியிருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஓரத்தில் காஸ்பரோவ் படமும் வரைந்திருந்தார். மூக்கு கொஞ்சம் நீளம், மற்றபடி அருமை. ஆனால் அவர் சொன்ன கருத்தை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நம் அணிக்கு சிசிலியன் வேண்டாம், காரோ-கான் போதும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். இடம் போதாது என்று இதழ்ப் பொறுப்பாசிரியரிடம் கெஞ்சி ஒன்றரை சார்ட் வாங்கியிருக்கிறேன், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

செஸ் ஆடாதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. வெள்ளைக்காரர்தான் (தப்பாக நினைக்காதீர்கள், வெள்ளைக் காய் வைத்திருப்பவர்) முதலில் நகர்த்துவார். நம் குறுவட்டப் போட்டிகளில் உட்காருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் ராஜாவுக்கு முன்னால் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார்கள். அதற்கு இ4 என்று பெயர். மந்திரிக்கும் ராணிக்கும் ஒரே தள்ளில் வழி திறந்துவிடும். அதற்குக் கறுப்பு என்ன பதில் சொல்வது என்பதுதான் இந்தச் சண்டை. உலகம் முழுக்கப் பெரிய ஆட்டங்களை எண்ணிப் பார்த்தால் நூறு புள்ளிக்கு ஏறத்தாழ 55 வெள்ளைக்குப் போகிறது என்பார்கள். முதலில் நகர்த்துவதால் வருகிற லாபம் அது. நம்ம மெட்டு ரோட்டில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழி விடணும் இல்லையா, அது மாதிரி. ஒதுங்கி நிற்கிற இடம் பாறைப் பக்கமா பள்ளத்துப் பக்கமா என்பதைத்தான் நாம் முடிவு பண்ண முடியும்.

ஐந்து சுற்றுப் போட்டி என்றால் இரண்டு தடவையாவது கறுப்பு கட்டாயம் வரும். சில சமயம் மூன்று. அதனால் "கறுப்பு வந்தா பாத்துக்கலாம்" என்று போவது கணக்குப் பரீட்சைக்கு வடிவியல் படிக்காமல் போகிற மாதிரி.

இப்போது சிசிலியன். இ4 என்றதும் கறுப்பு சி5 என்று பக்கவாட்டிலிருந்து சிப்பாயைத் தள்ளுவதுதான் அது. இதைக் கெட்ட ஆட்டம் என்று நான் சொல்லவே இல்லை. உலகத்திலேயே கறுப்பு ஜெயிக்க ஆசைப்பட்டு ஆடுகிற ஆட்டம் அது. அண்ணன் சொல்கிற நஜ்டார்ஃப் வகையை ஃபிஷர் ஆடினார், காஸ்பரோவ் ஆடினார். 1.இ4 சி5 2.குதிரை எஃப்3 டி6 3.டி4, சிப்பாய் வெட்டு 4.குதிரை வெட்டு, குதிரை எஃப்6 5.குதிரை சி3 ஏ6. ஐந்து நகர்த்தலை மனப்பாடம் பண்ணியாச்சு, சரி. ஆறாவதில் வெள்ளை என்ன செய்யும்? மந்திரியை ஜி5-க்குக் கொண்டுவரலாம், இ3-க்கு, இ2-க்கு, சி4-க்குக் கொண்டுவரலாம், எஃப்4 தள்ளலாம், எஃப்3, ஜி3, எச்3 கூடத் தள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புத்தகம் இருக்கிறது. இதில் ஒன்றில் கறுப்பு ராணி பி2 சிப்பாயைத் தின்னப் போகும், "விஷச் சிப்பாய்" என்றே அதற்குப் பெயர். 1972-இல் ரெய்க்யவிக்கில் ஸ்பாஸ்கியோடு ஆடிய பதினோராவது ஆட்டத்தில் ஃபிஷருடைய ராணியே அப்படிப் போய் மாட்டிக்கொண்டது. ஃபிஷருக்கே அந்தக் கதி!

அது போக, வெள்ளை டி4 தள்ளவே வேண்டாம் என்று முடிவு பண்ணினால் நஜ்டார்ஃபே வராது. இரண்டாவதில் சி3 தள்ளுவார்கள், அல்லது குதிரையை சி3-இல் வைத்து எஃப்4 தள்ளி ராஜா பக்கம் ஓடி வருவார்கள், அல்லது மந்திரியை பி5-க்கு விடுவார்கள். வெள்ளைக்கு இதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் போதும். கறுப்புக்கு அத்தனையும் தெரிந்திருக்கணும். இது நியாயமா?

நான் பேச வந்த விஷயமே இனிமேல்தான். நம் அணிக்கு வருகிறவர்களில் மேலே போடிமெட்டிலிருந்தும் மலையடிவாரத்திலிருந்தும் வருகிறவர்கள் இருக்கிறோம். நாலு மணி பெல் அடித்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடணும். அதை விட்டால் பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏற அடுத்த வண்டி எப்ப வரும் என்று யாருக்கும் தெரியாது. மழைக்காலத்தில் ரோட்டில் கல் விழுந்தால் முந்தலிலேயே நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்குப் போனால் டவர் ஒரு ஓரத்தில் கிடைக்கும், மூடுபனி இறங்கினால் கரண்டும் போகும். எங்கம்மா மாதிரி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் வீட்டில் போன் ஒன்றுதான் இருக்கும், அதுவும் அவர்கள் திரும்பி வந்த பிறகுதான் நம் கைக்கு வரும். டவுனில் இருக்கிற பிள்ளைகள் சாயங்காலம் ஆறரை வரைக்கும் பள்ளியில் உட்கார்ந்து ஆடுகிறார்கள், ராத்திரி வீடியோ பார்க்கிறார்கள். நல்லது, பார்க்கட்டும். ஆனால் "இருபது நகர்த்தல் மனப்பாடமாகச் சொல்றவங்கதான் அணியில" என்று ஒரு விதி வைத்தால், அது யார் நன்றாக ஆடுகிறார்கள் என்பதைப் பார்க்கிற விதி ஆகாது. யாருக்கு நாலரை மணிக்குப் பஸ் இல்லையோ அவர்களைத் தேர்ந்தெடுக்கிற விதி அது.

ஏழாம் வகுப்புத் தங்கச்சி ஒருத்தி இருந்தாள். கணக்கு போடுவதில் கெட்டிக்காரி, குதிரையை வைத்து இரண்டு காயை ஒரே நேரத்தில் குத்துவதில் என்னையே இரண்டு தடவை மடக்கியிருக்கிறாள். சிசிலியன் தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்ததிலிருந்து செஸ் போர்டு பக்கமே காணோம். கேட்டால், "அக்கா, எனக்கு மனப்பாடம் வராதுக்கா, நான் கோ-கோவுக்கே போறேன்" என்கிறாள். கோ-கோ நல்ல விளையாட்டுதான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

மனப்பாடத்தை நம்பி ஆடுகிற ஆட்டம் யாருக்குச் சாதகம் என்று பார்க்க, நம்ம ஆனந்தையே எடுத்துக்கொள்வோம். 1995-இல் நியூயார்க்கில், உலக வர்த்தக மையக் கட்டடத்தின் 107-வது மாடியில் (2001-இல் இடிந்து விழுந்ததே, அதேதான்) காஸ்பரோவோடு உலக சாம்பியன் போட்டி ஆடினார். முதல் எட்டு ஆட்டமும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்தார். அந்த நாளில் சென்னையில் எத்தனை வீட்டில் பாயசம் வைத்தார்களோ! பத்தாவது ஆட்டத்தில் ஆனந்த் கறுப்பு. ஆறாவதில் டிரா கொடுத்த அதே ஓப்பன் ரூய் லோபஸ் வழியைத் திரும்பவும் ஆடினார். காஸ்பரோவ், வீட்டில் சமைத்துக் கொண்டுவந்த மாதிரி பதினான்காவது நகர்த்தலில் மந்திரியை சி2-க்கு இழுத்து, ஒரு யானையையே தூக்கிக் கொடுத்தார். அதைத் தின்ன ஆனந்தின் ராணி ஒரு மூலைக்குப் போக, ராஜா நடுவில் தனியாக நின்றது. அவ்வளவுதான். அடுத்த ஆட்டத்தில் காஸ்பரோவ் கறுப்பில் சிசிலியன் டிராகனை எடுத்து வைத்து ஜெயித்தார். கடைசியில் பத்தரைக்கு ஏழரை என்று போட்டி போய்விட்டது.

ஆனந்துக்கும் உதவிக்கு ஆட்கள் இருந்தார்கள், புத்தகம் இருந்தது. சின்ன வயதில் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் இருந்த தால் செஸ் கிளப்பில் ஆடி வளர்ந்தவர். அவருக்கே எதிராளியின் வீட்டுத் தயாரிப்பு அப்படி விழுந்தது என்றால், ஒரு செஸ் புத்தகமும் இரண்டு பிளாஸ்டிக் போர்டும் வைத்திருக்கிற நாம், தயாரிப்புச் சண்டைக்கு நாமே வலியப் போய் நிற்கலாமா?

அதே போட்டியில் இன்னொன்றும் நடந்தது. பதினான்காவது ஆட்டத்தில் ஆனந்த் இ4-க்கு டி5 என்று நேரே சிப்பாயைக் கொண்டுபோய் முட்டவிட்டார். ஸ்காண்டிநேவியன் என்று பெயர். உலக சாம்பியன் போட்டியில் அதற்கு முன்னால் யாரும் அதை ஆடியதில்லை. ஆட்டம் நடுவில் ஆனந்துக்கு நன்றாகவே இருந்தது, ஆனாலும் கடைசியில் காஸ்பரோவ் ஜெயித்துவிட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எட்டாம் வகுப்புப் பையன்கள் சிலர் "யாருக்கும் தெரியாத ஓப்பனிங் ஆடினா எதிராளி பயந்துருவான்" என்று அலைகிறார்கள். பயப்படுவான், மூன்று நகர்த்தல் வரைக்கும். அப்புறம் ஆட்டம் ஆடித்தானே ஆகணும்?

சரி, இ4-க்கு இ5 என்று நேருக்கு நேர் நிற்கலாமே என்று தமிழ் ஐயா கேட்டார் (ஐயா நன்றாக ஆடுவார், நிறைய பேருக்குத் தெரியாது). நியாயமான கேள்வி. எனக்கு இ5 மீது மரியாதை உண்டு. கிராம்னிக் 2000-இல் லண்டனில் இதே இ5-இல் பெர்லின் வகையை நான்கு தடவை ஆடி, காஸ்பரோவுக்கு வெள்ளையில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க விடாமல் பட்டத்தையே வாங்கிவிட்டார். பத்திரிகைக்காரர்கள் பெர்லின் சுவர் என்று எழுதினார்கள். சுவரில் எழுதுகிற நமக்கு அந்தப் பெயர் பிடிக்காமல் போகுமா? 2013 நவம்பரில் சென்னையில் ஆனந்தின் இ4-க்கு கார்ல்சனும் அந்தச் சுவரைத்தான் எழுப்பினார். நான்காவது ஆட்டம் டிரா, ஆறாவதில் கறுப்பிலேயே ஜெயித்துவிட்டார். நம்ம ஊருக்கே வந்து!

ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இ5 சொல்லிக் கொடுத்தால் முதல் போட்டியிலேயே என்ன நடக்கும்? வெள்ளை மந்திரி சி4, ராணி எச்5, அப்புறம் எஃப்7-இல் மேட். "நாலு மூவ் மேட்" என்று எல்லாப் பள்ளியிலும் முதலில் கற்றுக்கொள்கிற வித்தை அது. அதைத் தடுத்தால் குதிரையை ஜி5-க்கு ஓட்டி மறுபடி அதே எஃப்7-ஐக் குத்துவார்கள். தடுக்க வழி இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் பிள்ளை பயந்துவிடும். முதல் சுற்றில் ஐந்து நிமிஷத்தில் தோற்று வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து அழுகிற பிள்ளைகளை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். இரண்டு வருஷம் ஆடிப் பழகிய பிறகு இ5-க்குப் போகட்டும், அப்போது நானே கைதட்டுவேன்.

இன்னொன்று பிரெஞ்சு. இ4-க்கு இ6, பிறகு டி5. 1834-இல் லண்டன்காரர்களும் பாரிஸ்காரர்களும் கடிதத்திலேயே ஆடிய ஆட்டத்தில் பாரிஸ்காரர்கள் ஆடியதால் வந்த பெயர். இ6 வைத்ததும் சி4 மந்திரிக்கு எஃப்7 போகிற வழி அடைபட்டுவிடும், நாலு மூவ் மேட் தொல்லை இல்லை. இது பழைய ஆட்டம், பெரிய ஆட்கள் ஆட மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2024 நவம்பர் 25-ஆம் தேதி சிங்கப்பூரில் நம் குகேஷ் உலக சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தில் இ4 தள்ள, டிங் லிரென் சாவகாசமாக இ6 வைத்தார். 42 நகர்த்தல்களில் கறுப்பு ஜெயித்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் போட்டியில் குகேஷ் மூன்று தடவை இ4 ஆடினார், மூன்று தடவையும் டிங் பிரெஞ்சுதான் ஆடினார். மற்ற இரண்டும் டிரா. வெள்ளையில் இ4 ஆடி குகேஷால் ஒன்றுகூட ஜெயிக்க முடியவில்லை. டிசம்பர் 12-இல் பதினான்காவது ஆட்டத்தில் கறுப்புக் காய் வைத்துத்தான் ஜெயித்து, 18 வயதில் சாம்பியன் ஆனார். கறுப்பு வந்தால் முகத்தைத் தொங்கப் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

பிரெஞ்சில் எனக்கு ஒரே ஒரு குறை. சி8-இல் இருக்கிற மந்திரி. இ6 சிப்பாய் அதன் வாசலிலேயே நிற்கும். ஸ்டோருக்குள்ளே ஜீப்பை விட்டுட்டு வாசலில் ஏலக்காய் மூட்டையை அடுக்கி வைத்த மாதிரி. வண்டி நல்ல வண்டிதான், வெளியே வராது. இருபது நகர்த்தல் வரைக்கும் அந்த மந்திரியை என்ன செய்வது என்று தெரியாமல் முழிப்போம்.

காரோ-கானில் அந்த ஜீப் முதலிலேயே வெளியே வந்துவிடும், மூட்டையைப் பிறகு அடுக்கலாம். அதுதான் விஷயமே. 1886-இல் ஹொரேஷியோ காரோ, மார்கஸ் கான் என்ற இரண்டு பேர் ஆராய்ந்து எழுதியதால் இரண்டு பெயரும் சேர்ந்துகொண்டது. 1.இ4 சி6 2.டி4 டி5. வெள்ளைக்கு இப்போது பெரிதாக மூன்று வழி. சிப்பாயை இ5-க்குத் தள்ளிவிட்டால், மந்திரியை எஃப்5-க்குக் கொண்டு வா, பிறகு இ6, அப்புறம் நேரம் பார்த்து சி5 தள்ளி அவர்கள் நடுவை உடை. சிப்பாயை டி5-இல் வெட்டினால், சி சிப்பாயால் திருப்பி வெட்டு, நிம்மதியாகக் காய்களை வெளியே எடு. குதிரையை சி3-இல் வைத்தால், நீ இ4-இல் வெட்டு, அவர்கள் குதிரையால் வெட்டுவார்கள், மந்திரி எஃப்5, குதிரை ஜி3-க்கு வந்து மிரட்டும், மந்திரி ஜி6. அப்போது வெள்ளை எச்4 தள்ளினால் உடனே எச்6 தள்ளிவிடணும், இல்லையென்றால் எச்5 வந்து மந்திரியை மூச்சுத் திணற அடித்துவிடும். 2013-இல் சென்னையில் இரண்டாவது ஆட்டத்தில் ஆனந்துக்கு எதிராகக் கார்ல்சன் ஆடியது எழுத்துப் பிசகாமல் இதேதான். 25 நகர்த்தலில் டிரா ஆனது. நாலு மூவ் மேட்டுக்கு ஆசைப்பட்டு யாராவது இரண்டாவதிலேயே மந்திரியை சி4-க்குக் கொண்டு வந்தால் டி5 தள்ளு, மந்திரி ஓடத்தான் வேண்டும். ராணியை எச்5-க்குக் கொண்டு வந்தால் குதிரை எஃப்6, ராணி ஓடும்.

அவ்வளவுதான் முதல் சுற்றுக்கு. ஏலக்காயை ஒரே தடவையில் உருவிவிட முடியாது. விளைந்ததை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு மாதம் ஒன்றரை மாதம் கழித்து அதே செடிக்குத் திரும்ப வரணும். இந்த ஆட்டத்தையும் அப்படிப் படிக்கலாம். மேலே எழுதியிருப்பது பஸ்ஸில் முந்தலிலிருந்து மெட்டு போவதற்குள் மனதில் ஓட்டிப் பார்க்கக்கூடிய அளவு. நான் அப்படித்தான் படித்தேன், போர்டு இல்லாமல். சிசிலியனை அப்படிப் படித்தால் வளைவில் வாந்தி வரும்.

ஒரு எச்சரிக்கை கட்டாயம் சொல்லணும். எஃப்5-இல் மந்திரி வைப்பதற்குப் பதிலாகக் குதிரையை டி7-இல் வைக்கிற வகையும் உண்டு. அதில் வெள்ளை ராணியை இ2-இல் சும்மா வைக்கிற மாதிரி வைக்கும். நீங்கள் மற்ற குதிரையை எஃப்6-க்குக் கொண்டு வந்தால், வெள்ளைக் குதிரை டி6-இல் குதித்து மேட்! இ7 சிப்பாய் அதை வெட்ட முடியாது, நகர்ந்தால் பின்னால் ராஜா மீது ராணியின் பார்வை விழும். ஆறே நகர்த்தல். 1997-இல் டீப் புளூ என்ற கம்ப்யூட்டரோடு ஆடிய கடைசி ஆட்டத்தில் காஸ்பரோவ் இந்தக் குதிரை டி7 வகையைத்தான் எடுத்தார். ஏழாவதில் எச்6 தள்ளினார், கம்ப்யூட்டர் குதிரையை இ6-இல் பலி கொடுத்து உள்ளே புகுந்தது, 19 நகர்த்தலில் காஸ்பரோவ் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதனால் சின்னப் பிள்ளைகள் குதிரை டி7 பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். மந்திரி எஃப்5 மட்டும்.

"காரோ-கான் பயந்தாங்கொள்ளி ஆட்டம், டிராதான் ஆகும்" என்று அண்ணன் எழுதியிருந்தார். பெரிய ஆட்களுக்கு ஆகலாம். அண்ணே, கோவிச்சுக்காதீங்க, நம்ம குறுவட்டத்தில் டிரா ஆன ஆட்டம் எத்தனை என்று விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். முப்பதாவது நகர்த்தலில் யாராவது ஒருத்தர் யானையைப் பார்க்காமல் விட்டுவிடுவார், அதில்தான் ஆட்டம் முடியும். அந்த முப்பதாவது நகர்த்தல் வரைக்கும் உயிரோடு, ராஜாவைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தெரிந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் நமக்குத் தேவை. ஜெயிக்கிற வேலையை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

அண்ணன் மட்டும் நஜ்டார்ஃப் ஆடட்டும். அவர் உழைக்கிறார், அவருக்கு வருகிறது. முதல் போர்டில் அவர் அதை வைத்து ஜெயித்தால் அணிக்குத்தான் லாபம். நான் கேட்பது இரண்டே இரண்டு. அணித் தேர்வில் ஓப்பனிங் ஒப்பிக்கச் சொல்வதை எடுத்துவிட்டு, ஆட வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அதையும் மதிய இடைவேளையில் வையுங்கள், சாயங்காலம் வேண்டாம். உடற்கல்வி ஆசிரியர் அவர்கள் தயவுசெய்து இதைப் பரிசீலிக்க வேண்டும்.

செவ்வாய், வியாழன் மதியம் சாப்பிட்டுவிட்டு நூலகத்துக்கு வெளியே திண்ணையில் போர்டு விரித்திருப்பேன். காரோ-கான் வழிகளைப் பதினாறு பக்க நோட்டில் படம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்த்து எழுதிக்கொள்ளலாம், நோட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். ஏழாம் வகுப்புத் தங்கச்சி, நீ இதைப் படித்தால் கோ-கோ இல்லாத நாளில் வா. சிசிலியன் கட்சிக்காரர்கள் பதில் எழுதுவதென்றால் அடுத்த இதழுக்கு இருபதாம் தேதிக்குள் கொடுக்கணுமாம்.

— பதினோராம் வகுப்பு மாணவி, போடிமெட்டு